ஆட்டக் களநூல்களும் ஐந்திணை மரபும்

மைசூர் நகருக்கும் ஆட்டங்களுக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1799இல் சிறு பருவத்திலேயே அரியணை ஏறிய மும்மடி கிருஷ்ணராஜ உடையார், 1831இல் ஆட்சிப் பொறுப்பு ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னர், தம் உள்ளத்தைக் கலையிலும் நூலிலும் ஆட்டத்திலும் மிகுதியாகச் செலுத்தினார். அவர் பெயரால் வழங்கும் ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருந்தொகுப்பு ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்டது. தெய்வ வடிவங்களையும் கோள்களையும் ஆகமங்களையும் எட்டு நிதிகள் பேச, ஒன்பதாவதாகிய கௌதுக நிதி ஆட்டங்களைப் பேசுகிறது. தெய்வத்தைச் சொன்ன நூலிலேயே ஆட்டத்தையும் சொல்லத் துணிந்தது அக்கால மைசூர்.

‘சாடு’ எனப்படும் சீட்டாட்டங்கள் பலவற்றையும் அம்மன்னர் வகுத்தார். 36 சீட்டுகள் கொண்ட ஆட்டம் முதல் 360 சீட்டுகள் கொண்ட ஆட்டம் வரை அவை விரிந்து கிடந்தன. சாமுண்டேசுவரி சாடு ஒன்றிற்கே 320 சீட்டுகள் வேண்டும். ஜகன்மோகன அரண்மனையின் மேல்தளத்துச் சுவர்களில் பலகையாட்டக் கட்டங்கள் ஓவியமாகத் தீட்டப்பட்டிருப்பதை நம்மில் பலர் விருந்தினரை அழைத்துச் சென்று காட்டியிருப்போம். இந்நூற்றாண்டில் இந்நகரின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் ‘கிரீடா கௌசல்யா’ என்னும் கண்காட்சிகளின் வழியே பழைய ஆட்டங்களை மீண்டும் மக்கள் முன் வைத்தது. நம் வீட்டுப் பல்லாங்குழியும் கன்னட வீட்டு அளகுளி மணெயும், நம் ஆடுபுலி ஆட்டமும் அவர்தம் ஹுலி குரி ஆட்டமும் உடன்பிறந்தவை என்பதை அங்கே கண்டு மகிழ்ந்தோர் பலர்.

இத்தகைய நகரில் வாழும் நம் பிள்ளைகள் இன்று வேறொரு வகை ஆட்டத்தில் ஈடுபடுகின்றனர். அவ்வாட்டத்திற்குரிய நூல்களை இலக்கிய நோக்கில் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ‘விளையாட்டு நூலுக்குத் திறனாய்வா?’ என்று பெரியோர் வியக்கலாம். நம் பிள்ளைகள் விரும்பிப் படிப்பவை அவை. ஓர் உலகத்தையே சொல்லால் படைக்க முயல்பவை அவை. ஆதலின் அவற்றைப் புறக்கணிப்பது முறையன்று.

களநூல் என்பது யாது?

அமெரிக்க நாட்டில் 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். அவருள் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ‘நான் இன்னது செய்கிறேன்’ என்று சொல்லுவர். செய்த செயல் வென்றதா தோற்றதா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையைப் பிடித்து நடத்துவதை நினைத்துக்கொண்டால் இதன் இயல்பு ஓரளவு விளங்கும். ஒரு வேற்றுமை: கூத்தில் முடிவு முன்பே தெரியும், இங்கே ஆடுவோர்க்கும் தெரியாது, நடத்துவோர்க்கும் தெரியாது.

இவ்வாட்டத்திற்கு இருவகை நூல்கள் உண்டு. எப்படி ஆடுவது என்று சொல்வது விதிநூல். எந்த உலகில் ஆடுவது என்று சொல்வது இரண்டாம் வகை. அதனை நாம் இங்கே ‘களநூல்’ என்று வழங்குவோம். மலை, ஆறு, நகரம், அரசு, குலம், தெய்வம், உணவு, வணிகம், பகை ஆகிய அனைத்தையும் விரித்துரைக்கும் கற்பனை நாட்டு நூல் அது. புதினத்தைப் போல அதில் கதை ஓடாது. கதை நிகழ்வதற்குரிய இடத்தை மட்டும் அமைத்துக் கொடுத்துவிட்டு அது ஒதுங்கி நிற்க வேண்டும். எவ்வளவு சொல்ல வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்பதே அதனை எழுதுவோனின் முதற் சிக்கல்.

அளவுகோல் நம்மிடம் உண்டு

இந்நூல்களை அளக்க மேலைநாட்டுத் திறனாய்வாளரிடம் நாம் அளவுகோல் கடன் வாங்க வேண்டியதில்லை. அகப்பாடலின் உலகத்தைத் தொல்காப்பியர் மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பன உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று முறையே சிறந்தவை என்றும் அவர் கூறினார். நிலத்தைவிட அந்நிலத்துப் பொருள்கள் சிறந்தன. அவற்றைவிட அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து நிகழ்ச்சி சிறந்தது.

சிந்தித்துப் பார்த்தால், ஐந்திணை மரபே புலவர் பலர் சேர்ந்து பயன்படுத்திய ஒரு களம் என்பது புலனாகும். புலவர்கள் வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு தொழிலினர். எனினும் நெய்தல் என்றால் எது, முல்லை என்றால் எது என்பதில் அவர்களுக்குள் உடன்பாடு இருந்தது. களம் பொதுவாய் நிற்க, பாடல் தனித்தனியாய்ப் பிறந்தது. நல்ல களநூல் செய்ய வேண்டிய பணியும் இதுவே. இம்மூன்று பொருளையும் கைக்கொண்டு இனிச் சில நூல்களை நோக்குவோம்.

முதற்பொருளின் நிறைவும் மிகையும்

நில அமைப்பில் களநூலார் பெரிதும் வல்லவர். 1980இல் வெளிவந்த கைகாக்ஸின் ‘வேர்ல்ட் ஆஃப் கிரேஹாக்’ 32 பக்கமே உடையது. அழகிய நிலப்படம் அதனுடன் வந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் சில வரிகளே ஒதுக்கப்பட்டன. ஆயினும் அந்தச் சுருக்கமே அதன் வலிமை ஆயிற்று. எஞ்சியதை ஆடுவோர் தாமே நிரப்பிக்கொண்டனர்.

கனடா நாட்டு எட் கிரீன்வுட் சிறு வயது முதல் கற்பனை செய்துவந்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ 1987இல் களநூலாக வெளிவந்தது. தெருக்களும் விடுதிகளும் வணிகர் கூட்டங்களும் அதில் உயிரோடு உலவுகின்றன. ஓர் ஊரில் நுழைந்தவுடன் அங்கே எதை விற்பர், யாரை அஞ்சுவர் என்று சொல்லும் திறம் போற்றத்தக்கது. ஆனால் ஆண்டுதோறும் அதன்மேல் நூலுக்கு மேல் நூல் ஏறியது. நிலப்படத்தில் வெற்றிடம் குறையக் குறைய, ஆடுவோர்க்குரிய இடமும் குறைந்தது. எல்மின்ஸ்டர் போன்ற பேராற்றல் மிக்க மந்திரவாதிகள் அவ்வுலகில் உலவும்போது, ‘நாம் செய்ய இங்கே என்ன இருக்கிறது?’ என்று புதிதாக ஆட வந்தவன் எண்ணுதல் இயல்பு.

இங்கே நம் நகரத்துச் சான்றையே மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். மும்மடி உடையாரின் சாடு ஆட்டங்கள் அறிவுக்கும் கலைக்கும் விருந்தானவை. எனினும் நூற்றுக்கணக்கான சீட்டுகளையும் அவற்றின் வரிசைகளையும் நினைவில் வைத்து ஆடுவது எளிதாக இல்லை. அவை அரண்மனைக்கு வெளியே பெரிதும் பரவவில்லை. தரையில் சுண்ணத்தால் ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறிப் புளியங்கொட்டையால் ஆடும் சௌகாபாராவோ திண்ணை தோறும் வாழ்ந்தது. விரிவு வேறு, வாழ்வு வேறு. களநூல் எழுதுவோர் மைசூருக்கு வந்து கற்க வேண்டிய பாடம் இது.

கருப்பொருளின் செல்வமும் பிழையும்

கருப்பொருளில் சிறந்த களநூல் எது என்று கேட்டால், எம். ஏ. ஆர். பார்க்கர் படைத்த டெக்குமெல் உலகைச் சுட்டுவோர் பலர். அவர் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தென்னாசியத் துறையில் பணியாற்றிய மொழியியலறிஞர். உருது, பலூச்சி மொழிகளைக் கற்பிக்கும் பாடநூல்களை உருவாக்கியவர். அவருடைய ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ 1975இல் வெளிவந்தது. அவ்வுலகின் மொழிக்கு எழுத்து உண்டு, இலக்கணம் உண்டு. குலத்தின் மானம், விருந்தின் முறை, கோயிலின் படிநிலை எல்லாம் அதில் வகுக்கப்பட்டுள்ளன. எதிரே நிற்பவரை அழைக்கும் முன்னிலைச் சொற்களுக்கே பல படிகள் உண்டு. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று ஆள் அறிந்து பேசிப் பழகிய நமக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஐரோப்பியக் கோட்டைகளையும் வீரர்களையும் விட்டு விலகி, இந்திய, எகிப்திய, மாயன் நாகரிகங்களின் சாயலில் ஓர் உலகைக் கட்டியது அந்நூலின் பெருமை.

அதன் குறை இருவகை. முதலாவது, நுழைவதற்கு அரிது. பெயர்களை ஒலிக்கவே பயிற்சி வேண்டும். இரண்டாவது, நூலாசிரியரைப் பற்றியது. பார்க்கர் 1991இல் நாசிக் கொள்கையைத் தழுவிய புதினம் ஒன்றைப் புனைபெயரில் எழுதியவர் என்பதை, அவர் மறைவுக்குப் பத்தாண்டுகளின் பின், 2022இல் அவருடைய படைப்புகளைக் காத்துவரும் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. பல பண்பாடுகளைக் கற்றறிந்த ஒருவர் உள்ளத்தில் அத்தகைய நச்சும் இருந்தது என்பது வருத்தத்திற்குரியது. நூலை எரிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இந்த உண்மையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறோம்.

கருப்பொருளைக் கையாள்வதில் வேறு சிலர் செய்த பிழை இன்னும் வெளிப்படையானது. 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்னும் நூல் பல நாட்டுத் தெய்வங்களைத் தொகுத்தது. இந்திரன், அக்கினி, காளி ஆகியோரும் அதில் உண்டு. ஒவ்வொரு தெய்வத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி, இத்தனை கவச எண் என்று கணக்கிட்டது அந்நூல். இத்தனை அடி கொடுத்தால் காளி வீழ்வாள் என்று கணக்கிடலாம்! இதனைத் தெய்வ நிந்தனை என்று சினப்பதைவிட இலக்கியப் பிழை என்று சொல்வதே பொருந்தும். குறிஞ்சிக்குச் சேயோன் என்று தொல்காப்பியர் சொன்னபோது, அத்தெய்வத்தை மலையோடும் தினைப்புனத்தோடும் வெறியாட்டோடும் பிணைத்தார். நிலத்திலிருந்து பிடுங்கிய தெய்வம் வெறும் எண்ணாகிவிடுகிறது.

1985இல் வெளிவந்த ‘ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்’ பெயரளவில் கீழைநாடுகள் அனைத்துக்கும் உரியது. உள்ளே இருப்பதோ பெரிதும் சப்பான், அதனையடுத்துச் சீனம். பல நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டி, அதன்மேல் ‘கீழ்த்திசை’ என்று சீட்டு ஒட்டுவது எளிது. தென்னாட்டவர் எவரையும் ‘மதராசி’ என்று அழைத்த காலத்தை அறிந்த நமக்கு அந்தச் சீட்டின் எரிச்சல் தெரியும்.

அண்மையில் நிலைமை சற்றே மாறியுள்ளது. 2022இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டடெல்’ என்னும் தொகுப்பில் பதின்மூன்று கதைக்களங்கள் உள்ளன. தத்தம் பண்பாட்டைத் தாமே எழுதும் வாய்ப்பு அதில் பலருக்குக் கிட்டியது. வங்கத்தைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல் ‘சங்கபூமி’ என்னும் நாட்டைப் படைத்தார். ஆறுகளோடு வாழும் வங்கநிலத்தின் நினைவு அதில் இருக்கிறது. வேற்றவர் வரைந்த கோட்டோவியமாக அது தோன்றவில்லை. குறை என்னவெனில், ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைத்தவை சில பக்கங்களே. ஒரு பண்பாட்டை வாயிலில் நிறுத்திப் பார்க்கலாம். உள்ளே சென்று உண்டு உறங்கி எழ முடியாது.

உரிப்பொருளே உயிர்

நிலமும் பொருளும் நிறைந்திருந்தும் பல களநூல்கள் ஏன் அருங்காட்சியகம் போல் குளிர்ந்து கிடக்கின்றன? அங்கு வாழ்வோர் எதற்காக ஏங்குகின்றனர், எதை இழந்தால் அழுகின்றனர் என்பது சொல்லப்படாமையே காரணம். அரச மரபுகளின் ஆயிரமாண்டுப் பட்டியல் இருக்கும். ஓர் உழவன் எந்தக் கவலையோடு விடியலில் கண் விழிக்கிறான் என்பது இராது.

இதற்கு விலக்காக இரு நூல்களைச் சுட்டலாம். ஒன்று, 1991இல் டிராய் டென்னிங்கும் டிமதி பிரௌனும் படைத்த ‘டார்க் சன்’. ஆத்தாஸ் என்னும் அவ்வுலகம் முழுவதும் வறண்ட நிலம். மந்திர ஆற்றலைப் பெற நிலத்தின் பசுமையை உறிஞ்சியவர்களால் அது பாழாயிற்று. இரும்பு அரிது, எலும்பாலும் கல்லாலும் ஆன படைக்கலங்களே மிகுதி. தண்ணீருக்காக உயிர் போகும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறிய கருத்தை அறிந்தவர்க்கு இவ்வுலகம் புதிதாகத் தோன்றாது. இங்கே நிலமே உள்ளத்து உணர்ச்சியைப் பிறப்பிக்கிறது. பாலைக்கு உரியது பிரிவு. ஆத்தாஸுக்கு உரியது தாகம். ஆடுவோர் முதல் நாழிகையிலேயே அதை உணர்ந்துவிடுகின்றனர்.

ஆயினும் அந்நூலும் ஒரு பெரும் பிழைக்கு இரையாயிற்று. களநூல் வந்த அதே ஆண்டில் அவ்வுலகைப் பற்றிய புதின வரிசையும் தொடங்கியது. கொடுங்கோல் மன்னனை வீழ்த்தும் பெருஞ்செயலைப் புதினத்தின் தலைவர்கள் செய்து முடித்தனர். 1995இல் வந்த திருத்திய பதிப்பு அந்நிகழ்ச்சிகளையெல்லாம் நடந்தவையாக ஏற்று உலகை மாற்றியமைத்தது. பந்தி விரித்து இலை போட்டுவிட்டு, விருந்தினர் அமருமுன் சமைத்தவரே உண்டு முடித்ததற்கு இது ஒப்பாகும்.

மற்றொன்று கிரெக் ஸ்டாஃபோர்டின் குளோரந்தா. 1966 முதல் அவர் உள்ளத்தில் வளர்ந்து, 1975இல் ஒரு பலகையாட்டமாகவும் 1978இல் ‘ரூன்குவெஸ்ட்’ வழியாகவும் வெளிப்பட்ட உலகம் அது. அங்கே ஒவ்வொரு குடிக்கும் ஒரு புராணம் உண்டு. ஊருக்குத் துன்பம் வரும்போது, அக்குடியினர் தம் தெய்வம் முன்னொரு காலத்தில் நடந்த வழியில் தாமும் நடந்து அருளைப் பெற்று மீள்வர். திரௌபதியம்மன் கோயில் விழாவில் பாரதத்தை வெறுங்கதையாகக் கேளாமல், தாமே நடித்துத் தீயில் இறங்கி ஊருக்கு நலம் வேண்டும் நம் மக்களுக்கு இது அயலான செய்தியன்று. இவ்வுலகில் பாத்திரம் தனியாள் அல்லன். ஒரு குடியின் கடனைச் சுமப்பவன். குளோரந்தாவின் குறை, அறிஞர்க்கே உரியது போன்ற அதன் அடர்த்தி. குறிப்புக்கு மேல் குறிப்பாக வளர்ந்து, விளையாட வந்தவரை ஆராய்ச்சியாளராக்கிவிடும் இயல்பு அதற்கு உண்டு.

வந்தவன் கண்ணில் நாடு

டெக்குமெல் பற்றி ஒரு செய்தியை வேண்டுமென்றே பின்னுக்கு வைத்தோம். 1975ஆம் ஆண்டு நூலில் ஆட்டம் எவ்வாறு தொடங்குகிறது தெரியுமா? பாத்திரங்கள் அந்நாட்டினர் அல்லர். கடல் கடந்து சிறு படகில் ஜக்காலா என்னும் துறைமுக நகரை வந்தடைந்த அயலார். அயலார்க்கென ஒதுக்கிய பகுதியிலேயே அவர்கள் தங்க வேண்டும். மொழி தெரியாது, மரியாதை தெரியாது, தவறிப் பேசினால் தண்டனை. மெல்ல மெல்ல வேலை தேடி, மொழி கற்று, நன்மதிப்புப் பெற்று, நகருக்குள் இடம் பெற வேண்டும்.

இதைப் படித்தபோது நமக்கு நம் தந்தையரின் நினைவு வந்தது. கன்னடம் ஒரு சொல்லும் அறியாமல் மைசூர் நிலையத்தில் இறங்கியவர்களும், ‘நீனு’ என்பதா ‘நீவு’ என்பதா என்று அஞ்சிப் பேசியவர்களும், வாடகை வீடு தேடி அலைந்தவர்களும் நம் குடும்பங்களில் இல்லையா? களநூலின் பெருஞ்சிக்கல், ஆடுவோர்க்கு ஓர் உலகத்தை எப்படி அறிமுகம் செய்வது என்பது. அயலானாகத் தொடங்கினால் அச்சிக்கல் தானே தீர்கிறது. பாத்திரம் அறியாததை ஆடுவோனும் அறியான். இருவரும் ஒன்றாகக் கற்கின்றனர். கல்கி ‘பொன்னியின் செல்வ’னைச் சோழ இளவரசர்களிடமிருந்து தொடங்காமல், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்துகொண்டிருந்த வந்தியத்தேவனிடமிருந்து தொடங்கியதும் இந்த நுட்பத்தினால்தான். சோழநாட்டுக்குப் புதியவனான அவன் கண் வழியே நாமும் அந்நாட்டைக் கண்டோம்.

இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று

கடந்த கோடை விடுமுறையில் நம் இல்லத்துப் பிள்ளைகளும் அவர்தம் நண்பர்களும் ‘தமிழ்நாடு’ ஒன்றைத் தாமே களமாக எழுதுவதென முடிவு செய்தனர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவருள் இருவர் கன்னட வீட்டுப் பிள்ளைகள். இரண்டு நாளில் இருபது பக்கம் எழுதிவிட்டனர். கோபுரம், மல்லிகை, கோலம், பொங்கல், ஏறுதழுவல், வாழையிலை எல்லாம் இருந்தன. ஐந்து நிலமும் இருந்தது. நமக்கும் பெருமையாகவே இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. கன்னடச் சிறுமி ஒருத்தி நெய்தல் நிலத்துப் பரதவப் பெண்ணாகப் பாத்திரம் ஏற்றாள். ‘நான் காலையில் எழுந்ததும் என்ன செய்வேன்? எனக்கு எதைக் கண்டால் பயம்?’ என்று கேட்டாள். எழுதியவர்க்கு விடை தெரியவில்லை. நம்மை நோக்கினர். நமக்கும் தெரியவில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று நாம் பலமுறை மேடையில் பேசியதுண்டு. பேசியது எல்லாம் சொல்லளவே என்பது அப்போது புரிந்தது.

மூலையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியார் நாகைப் பக்கத்தவர். அவர்தாம் பேசினார். ஆண்கள் கடலுக்குப் போன பின் காற்று எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைக் கூரை ஓலையின் ஓசையைக் கொண்டே அறிவார்களாம். போன மரங்களின் எண்ணிக்கையையும் திரும்பிய மரங்களின் எண்ணிக்கையையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். கணக்கு ஒன்று குறைந்தால், குறைந்தது யார் வீடு என்று தெரியும் வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்களாம். அச்சிறுமி கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னர், ‘பாட்டி, அப்போ நான் கரையிலேயே நிக்கிறேன்’ என்றாள். அன்று மாலை முழுவதும் ஆட்டம் அந்தக் கரையை விட்டு நகரவில்லை. பகடையை எவரும் தொடவுமில்லை.

இருபது பக்கத்தில் இல்லாதது நான்கு வாக்கியத்தில் வந்துவிட்டது. களநூல்களின் குறை என்று நாம் எதை மேலே சொன்னோமோ, அதே குறை நம்மிடமும் இருக்கிறது. புலம்பெயர்ந்த நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவரும் தமிழகமும் ஒரு களநூலே. கருப்பொருள் அதில் நிரம்பி வழிகிறது. விழாவும் பட்டும் பலகாரமும் தவறாமல் கொடுத்திருக்கிறோம். உரிப்பொருளை ஊரிலேயே விட்டு வந்துவிட்டோம்.

செய்யத்தக்கது

மேலே கண்ட நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுந்தவை. அவற்றின் நிறைகளைக் கொண்டு, குறைகளை விலக்கி, நம் சங்கத்தார் ஒரு சிறு களநூலைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம். முப்பது பக்கம் போதும். களமாக ஓர் ஆற்றையே கொள்ளலாம். குடகில் பிறந்து, நம் மைசூருக்கு அருகே சீரங்கப்பட்டணத்தைத் தழுவி, சோழர் காலத்தில் இராசராசபுரம் எனப் பெயர் பெற்ற தலக்காட்டைக் கடந்து, புகாரில் கடல் சேரும் காவிரியைவிடப் பொருத்தமான களம் வேறு இல்லை. கன்னட வீட்டுப் பிள்ளையும் தமிழ் வீட்டுப் பிள்ளையும் அதில் அயலார் ஆகார்.

செய்திக்குப் பஞ்சமில்லை. கோயில் விளக்குக்கு எத்தனை ஆடு, ஏரி மராமத்துக்கு யார் பொறுப்பு, எந்தப் பண்டத்துக்கு என்ன வரி என்பவற்றைக் கல்வெட்டுகள் சொல்லும். அத்தகைய தமிழ்க் கல்வெட்டுகளின் படிகள் நெடுங்காலம் இந்நகரத்துக் கல்வெட்டுத்துறை அலுவலகத்திலேயே காக்கப்பட்டன என்பதும் நினைக்கத்தக்கது. அவை முதலையும் கருவையும் தரும். உரிப்பொருளுக்கு நம் வீட்டு மூலைகளில் அமர்ந்திருப்போரைக் கேட்க வேண்டும். காலம் தாழ்த்துவதற்கில்லை, அவர்கள் என்றும் இருக்கப்போவதில்லை.

அந்நூலில் வெற்றிடமும் வேண்டும். எல்லாவற்றையும் நாமே சொல்லி முடித்துவிட்டால், பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வர். அதில் வாழ மாட்டார். சில ஊர்களுக்குப் பெயர் மட்டும் இருக்கட்டும். சில கேள்விகளுக்கு விடை இல்லாமலே இருக்கட்டும். கௌதுக நிதி எழுந்த நகரில் இப்பணியைத் தொடங்குவதற்குத் தயக்கம் எதற்கு? வரும் கோடை விடுமுறைக்குள் முதற் படி உருவானால், அதன் நெய்தற் பகுதியை எழுதும் பொறுப்பை அந்தக் கன்னடச் சிறுமிக்கே கொடுக்கலாம் என்பது நம் எண்ணம்.